நாய்ச் சப்பாத்து தைத்தவர்கள்

அலாஸ்காவின் நெடுந்தூர நாய்வண்டிப் பந்தயத்தில் நாய்களுக்குப் போடும் சப்பாத்தை ஒரு தையற்காரியின் கையில் கொடுத்தால், இதற்கா இவ்வளவு பேச்சு என்றுதான் முதலில் கேட்பாள். அடித்தோல் கிடையாது. குதி கிடையாது. இடக்கால், வலக்கால் என்ற பேதமும் கிடையாது. உள்ளங்கையளவு நைலோன் துணியை மடித்துப் பக்கத்தில் ஒரு தையல், விரல் பக்கம் ஒரு வளைவு, மேலே காலைச் சுற்றி ஒட்ட ஒரு வெல்க்ரோப் பட்டி. அவ்வளவுதான். கைபழகியவள் ஒரு மணித்தியாலத்தில் ஒரு குவியல் தைத்துப் போடுவாள். ரொறன்ரோவில் வேலைக் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள் நான். எந்தத் துணியைக் கண்டாலும் தையலைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. இந்தச் சப்பாத்தைப் புரட்டிப் பார்த்தபோது, இதில் இல்லாதவையெல்லாம் ஏன் இல்லை என்ற கேள்வி வந்தது. அதற்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

எங்கள் ஆட்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் சிரிப்பார்கள். பேரன் கொண்டுவந்து விட்ட கலப்பு நாய் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. வீமன் என்று பெயர். அதற்குக் காலில் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பக்கத்துக் கட்டடத்து அண்ணை, "நாய்க்குச் சப்பாத்தோ தங்கச்சி? ஊரில நாங்கள் பள்ளிக்கூடத்துக்கே வெறுங்காலோடதான் போனனாங்கள்" என்றார்.

"வண்டில் மாட்டுக்கு லாடம் அடிச்சனாங்கள்தானே அண்ணை?" என்று கேட்டேன்.

நான் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. மாட்டைச் சரித்து விழுத்தி, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, பிளந்த குளம்பின் இரண்டு பாதிக்கும் தனித்தனியாகத் தகடு வைத்து ஆணி இறுக்குவதைச் சின்ன வயதில் வாய் பார்த்து நின்றிருக்கிறேன். கல்ரோட்டில் பாரம் இழுக்கிற மாட்டுக்குத்தான் லாடம். கொட்டிலில் நிற்கிற பசுவுக்கு யாரும் அடிப்பதில்லை. நாய்ச் சப்பாத்தும் அந்த வகைச் சாமான்தான். செல்லங்கொஞ்ச உண்டானதல்ல, உழைக்கிற காலுக்கு உண்டானது.

நாய் வண்டி இழுக்கத் தொடங்கிய காலம் மிகப் பழையது. சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் ஷொகொவ் என்று ஒரு தீவு. அங்கே சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய சறுக்குவண்டித் துண்டுகளும் நாய் எலும்புகளும் கிடைத்தன. அந்த எலும்பின் மரபணுவைப் படித்து 2020இல் வெளியிட்டபோது, இன்றைய வண்டி நாய்களின் பரம்பரை அந்தக் காலத்திலேயே தனியாகப் பிரிந்துவிட்டது என்று தெரியவந்தது. அந்தப் பரம்பரையை வட அமெரிக்காவின் உறைகடற் கரைகளில் பிறகு வளர்த்தெடுத்தவர்கள் இனுவிட் மக்களும் அவர்களுடைய முன்னோரும். நாய்க்காலுக்கு உறை தைப்பதைக் கைத்தொழிலாக வைத்திருந்தவர்களும் அவர்கள்தான்.

அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய இனுவிட் நாய்ச் சப்பாத்துகளைப் பார்த்தால், அவை சீல் தோலில் தைத்த சின்னப் பைகள். வாயில் ஒரு வார். அதைச் சுற்றி இழுத்துக் கட்டவேண்டும். விரல் நுனியில் இரண்டு ஓட்டை. கிழிந்த ஓட்டை அல்ல, வேண்டுமென்றே வெட்டியது. நடு இரண்டு விரல்களின் நகங்கள் அதன் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நகம்தான் நாய்க்குப் பனிக்கட்டியில் பிடிமானம். அதை மூடிவிட்டால், பாரத்தை இழுக்க உந்தும்போது கால் வழுக்கும். தோலை மூடு, நகத்தை விடு. அந்த இரண்டு ஓட்டையை யோசித்து வெட்டியவளுக்கு என் தொழிற்சாலையில் இருந்த எந்த மேற்பார்வையாளரும் ஈடில்லை என்பேன்.

வெட்டியவள் என்று பெண்பாலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இனுவிட் வீடுகளில் தோல் வேலை பெண்களுடையது. பிறை வடிவக் கத்தியால் கொழுப்பைச் சுரண்டி, தோலைக் காயவைத்து, பல்லால் கடித்துக் கடித்து இளக்கி, விலங்கின் தசைநாரை நூலாகத் திரித்து அவர்கள் தைப்பார்கள். மனிதர் போடும் நீர்புகாச் சப்பாத்தில் ஊசி தோலின் பாதித் தடிப்புக்குள் போய் அப்படியே வெளியே வரும். மறுபக்கம் துளை விழாது. இரண்டு பக்கமும் அப்படித் தைத்தால் தண்ணீர் போக வழியே இல்லை. இரும்பு ஊசி வருவதற்கு முன்பு எலும்பிலும் தந்தத்திலும் செய்த ஊசியால் இதைச் செய்தார்கள். நாய்க்கு அவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. ஒரு பை, ஒரு வார் போதும். ஆனால் தைத்த கை அதே கை. ஆர்க்டிக் பயணக் கதைகளில் வேட்டைக்காரனும் வருவான், நாயும் வரும், கப்பலில் வந்த வெள்ளைக்காரக் கப்டனும் வருவார். ஊசி பிடித்தவள் வருவது குறைவு.

இந்தச் சப்பாத்தை நாய்களுக்கு எப்போது போட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம் தந்த விசயம். நடுக்குளிரில் இருக்கும் என்று நினைப்போம். அதிகம் தேவைப்பட்டது வெயில் ஏறும் காலத்தில், மே, யூன் மாதங்களில். உறைந்த கடலின் மேல் கிடக்கும் பனி அப்போது உருகத் தொடங்கும். உருகிய நீர் வெடிப்புகள் வழியே கீழே வடிந்துவிட, மேலே மிஞ்சுவது ஊசி ஊசியாக நிமிர்ந்து நிற்கும் பனிக்கட்டி. அதன்மேல் நாள் முழுக்க ஓடிய நாயின் பாதம் கிழிந்து போகும். போதாததற்கு அது கடல் ஐஸ். கடல்நீர் உறையும்போது உப்பைத் தன்னிடமிருந்து வெளியே தள்ளும். புதிதாக உறைந்த ஐஸின் முகத்தில் அந்த உப்புநீர் கடும் குளிரிலும் உறையாமல் ஈரமாக நிற்கும். கிழிந்த பாதமும் உப்புநீரும் சேர்ந்தால் என்ன எரிவு எரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியென்றால் குளிர் நாயின் காலை ஒன்றும் செய்யாதா? ஓரளவுக்கு இல்லை என்பதே பதில். 2011இல் ஜப்பானின் யமசாகி ககுவென் பல்கலைக்கழகத்தில் ஹிரோயோஷி நினோமியாவும் சகாக்களும் நாயின் பாதத்து இரத்தக் குழாய்களை எலெக்ட்ரோன் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பாதத்துக்கு வரும் சூடான இரத்தக் குழாயைச் சுற்றி, திரும்பிப் போகும் குளிர்ந்த குழாய்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. வருகிற சூடு போகிற இரத்தத்துக்கு மாறிவிடுவதால் உடம்பின் வெப்பம் ஐஸுக்குப் போய் வீணாவதில்லை; பாதமும் உறைந்து போவதில்லை. மேலே தடித்த தோல், உள்ளே இலேசில் உறையாத கொழுப்பு மெத்தை. இதெல்லாம் இருப்பதால்தான் நாயால் பனியில் மணிக்கணக்காக நிற்க முடிகிறது. எல்லா நாய்க்கும் ஒரே அளவில் அல்ல: மயிர் குறைந்தது, உடல் சிறியது, வயது போனது என்றால் கணக்கு மாறும்.

இயற்கை செய்து கொடுத்த ஏற்பாடு குளிருக்குத்தான். உராய்வுக்கும் ஈரத்துக்கும் அல்ல. கடும் குளிரில், −40 பாகை அளவில், பனி வழுக்குவதில்லை. மணலைப் போல் அராவும். அதற்கு மாறாக, 0 பாகைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஈரப்பனி வேறு விதத்தில் கெடுதல் செய்யும். நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும். விரல்களுக்கிடையே உள்ள மயிரில் பனி ஒட்டி, கால்சூட்டில் கொஞ்சம் இளகி, மறுபடி உறைந்து குண்டுமணியளவில் தொடங்கி நெல்லிக்காயளவுக்கு ஐஸ் உருண்டை திரளும். அது விரல்களை அகட்டும். ஒவ்வோர் அடிக்கும் தோலைத் தேய்க்கும். கடைசியில் விரலிடுக்குத் தோல் பிளக்கும். வண்டி நாய்க்காரர்கள் பயப்படுவது இந்தப் பிளவுக்குத்தான். ஒரு நாய் நொண்டினால் அணி முழுவதும் மெதுவாகும். நடுவழியில் அணி மெதுவாவது, அந்தக் காலத்தில், ஆளின் உயிர்ப் பிரச்சினை.

கிளொண்டைக் ஆற்றுப் பக்கம் தங்கம் கிடைத்த செய்தி 1897இல் பரவியதும் தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் யூக்கோனுக்கு ஓடினார்கள். இழுக்க நாய் போதவில்லை. கலிபோர்னியாவிலும் பிற ஊர்களிலும் வீட்டுக் காவலுக்கு இருந்த பெரிய நாய்களையெல்லாம் வாங்கியும் திருடியும் கப்பலேற்றினார்கள். இவற்றின் பாதம் பனிப் பாதைக்குப் பழகாதது. அந்த ஓட்டத்தில் தானும் போய் வந்த ஜாக் லண்டன் 1903இல் எழுதிய 'கானகத்தின் அழைப்பு' நாவலில் இது வருகிறது. பக் என்ற கலிபோர்னிய நாய்க்குக் கால் புண்ணாகிவிட, வண்டியோட்டியான பிரான்சுவா தன் தோற்சப்பாத்தின் மேற்பகுதியை வெட்டி நாலு சின்னச் சப்பாத்து செய்து கொடுக்கிறான். ஒருநாள் காலை அவன் அதை மாட்ட மறந்துவிட, பக் முதுகில் படுத்து நாலு காலையும் ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு, போட்டால்தான் எழும்புவேன் என்று கிடக்கிறது. கதைதான். ஆனால் நாய் வளர்த்தவனைத் தவிர வேறு யாரும் அதை எழுதியிருக்க முடியாது. பாதம் இறுகிய பிறகு அந்தச் சப்பாத்துகளை எறிந்துவிடுகிறார்கள் என்று லண்டன் எழுதுவதும் சரியான விவரம்: பழகாத காலுக்கும், பழுதான காலுக்கும்தான் அன்றைக்கு அது தேவைப்பட்டது.

தென்துருவக் கதையை நீட்டத் தேவையில்லை. துருவத்துக்கு நாய்வண்டியில் போன நோர்வேக்காரர் அமுன்ட்சென் 1911 செப்டெம்பரில் அவசரப்பட்டுப் புறப்பட்டு, −56 பாகை வரை இறங்கிய குளிரில் மாட்டித் திரும்பி வந்தார். இயற்கை கொடுத்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பல நாய்களுக்குப் பாதம் பனிக்கடிக்கு இரையானது. அடுத்த மாதம் மறுபடி புறப்பட்டு, டிசெம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தார். கூட்டிச் சென்ற 52 நாய்களில் திரும்பி வந்தவை 11. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைத் திட்டமிட்டுக் கொன்று உணவாக்கினார்கள். அப்படிப்பட்ட பயணத்தில் சப்பாத்துப் பேச்சுக்கு இடமேது.

1925இல் அலாஸ்காவின் நோம் நகரக் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்த கதை பலருக்குத் தெரியும். நெனானா வரை ரயிலில் வந்த மருந்தை, இருபது வண்டியோட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி 1,085 கிலோமீற்றரை ஐந்தரை நாளில் கடந்து, பெப்ரவரி 2 அன்று நோமில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஓட்டியவர்களில் பலர் அலாஸ்காவின் பழங்குடியினர். பத்திரிகைப் புகழ் கடைசித் துண்டை ஓடிய குன்னர் காசனுக்கும் அவருடைய பால்ட்டோ என்ற நாய்க்கும் போனது; மிக நீண்ட, மிக ஆபத்தான துண்டை ஓடிய லெயோன்ஹார்ட் செப்பாலாவின் டோகோவுக்கு உரிய பெயர் வர வெகுகாலம் பிடித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் பால்ட்டோவுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலையில் நாய் வெறுங்காலோடுதான் நிற்கிறது. சிலை செய்பவர்களுக்குச் சப்பாத்து அழகாகப் படுவதில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. பொம்பார்டியே நிறுவனத்தின் ஸ்கீ-டூ என்ற பனிமோட்டார் வண்டி 1959இல் கடைக்கு வந்தது. பத்து வருடத்துக்குள் வடக்கின் வாழ்க்கை மாறிவிட்டது. அலாஸ்காவின் கடைசி நாய்வண்டித் தபால் சேவை, புனித லோரன்ஸ் தீவில், 1963இல் நின்றது. கனடியப் பொலிசின் கடைசி நாய்வண்டி ரோந்து 1969இல். ஆனால் நாய்கள் குறைந்ததற்கு இயந்திரம் மட்டும் காரணமல்ல. 1950களின் நடுவிலிருந்து 1960களின் முடிவு வரை, கியூபெக்கின் வடபாகமான நுனாவிக் பகுதியில், பொலிசாரும் அதிகாரிகளும் இனுவிட் மக்களின் வண்டி நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்கள் என்று இதை விசாரித்த நீதிபதி 2010இல் கணக்குச் சொன்னார். நாயில்லாத வேட்டைக்காரன் வேட்டைக்குப் போகமுடியாது. குடும்பம் அரசு நிவாரணத்தை நம்பி இருக்கவேண்டும். கியூபெக் மாகாண அரசு 2011இல் வருத்தம் தெரிவித்து மூன்று மில்லியன் டொலர் கொடுத்தது. மத்திய அரசு மன்னிப்புக் கேட்க 2024 நவம்பர் 23 வரை ஆனது. கங்கிக்சுயுவாக் என்ற கிராமத்துக்குப் போய் கனடா அரசின் பெயரில் மன்னிப்புக் கேட்டு, 45 மில்லியன் டொலர் அறிவித்த அமைச்சர் கெரி ஆனந்தசங்கரி. எங்கள் ஸ்காபரோவிலிருந்து தெரிவான தமிழர். அந்தச் செய்தியை வாசித்தபோது நான் நாயைவிடத் தையலைத்தான் நினைத்தேன். நாய்களைக் கொன்றால் சேணம் தைப்பதும், வார் திரிப்பதும், காலுக்கு உறை தைப்பதும் அதோடு போகும். பாட்டி பேத்திக்குக் காட்டிக் கொடுக்க ஒரு சப்பாத்துக்குக்கூடத் தேவை இல்லாமல் போகும். இழப்பீட்டில் இதை எந்த வரியில் எழுதுவார்கள்? 2001 முதல் நுனாவிக்கில் இவாக்கக் என்ற பந்தயத்தை இனுவிட் நாய்களை மட்டும் வைத்து நடத்துகிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

அலாஸ்காவிலும் கிராமத்து நாய்கள் மறைவதைப் பார்த்துப் பொறுக்காதவர் ஜோ ரெடிங்டன். ஊர்களில் மறுபடி நாய் அணிகள் உண்டாகவேண்டும் என்பதற்காகவே அவர் 1973இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை பந்தயம் வைத்தார். சுமார் 1,600 கிலோமீற்றர். இடிட்டாரோட் என்று பெயர். முதலாண்டு வென்றவருக்கு இருபது நாள் பிடித்தது. இப்போது வெல்பவர்கள் ஒன்பது, பத்து நாளில் போய்ச் சேர்கிறார்கள். வேகம் கூடக் கூட, சப்பாத்து பழுதான காலுக்குக் கட்டும் கட்டு என்ற நிலை மாறி, எல்லாக் காலுக்கும் முன்கூட்டியே போடும் உடுப்பாகிவிட்டது. பந்தய விதியில் கோடரி, உறங்குபை, பனிநடைச் சட்டம் என்று கட்டாயம் வைத்திருக்கவேண்டிய சாமான் பட்டியல் ஒன்று உண்டு. ஒரு நாய்க்கு எட்டுச் சப்பாத்து என்பதும் அதில் இருக்கிறது: காலில் நாலு, மாற்றுக்கு நாலு.

அது விதி கேட்கும் குறைந்த அளவு. பதினான்கு நாய் பூட்டினால் ஒரு தடவை மாற்றவே 56 வேண்டும். துணி நூறு, நூற்றைம்பது கிலோமீற்றரில் தேய்ந்துவிடும். தேய்ந்து ஓட்டை விழுந்த சப்பாத்து வெறுங்காலைவிட மோசம். ஓட்டையால் போகும் பனி உள்ளேயே இறுகி உருண்டையாகும். ஆகவே ஒரு பந்தயத்துக்கு ஓர் அணிக்கு ஆயிரத்துக்கு மேல் தேவை. ஒன்று ஒன்றரை டொலர் என்று வைத்தாலும் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். இறைச்சி, வைக்கோலோடு இவற்றையும் மூட்டையாகக் கட்டி வழியிலுள்ள தரிப்பிடங்களுக்கு விமானத்தில் முன்பே அனுப்பிவிடுவார்கள்.

தொடக்க காலத்தில் சீல் தோல், கன்வஸ், டெனிம், கம்பளி என்று கிடைத்ததையெல்லாம் தைத்து, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் காலில் சுற்றினார்கள். கம்பளி வகை மென்மை, ஆனால் பனியை வாங்கி நனையும். டேப் குளிரில் விறைக்கும், இறுக்கினால் இரத்த ஓட்டத்தை நெரிக்கும். பிறகு வந்ததுதான் கோர்டுரா நைலோன். நாங்கள் கையுறையின் மணிக்கட்டுப் பட்டிக்கும் இதே துணியை அடித்திருக்கிறோம். ஆயிரம் டெனியர் என்றால் ஒன்பதாயிரம் மீற்றர் நூல் ஒரு கிலோ நிறை என்று அர்த்தம். தடித்த, அராவிப் பார்த்தாலும் அசையாத நூல். ஈரத்தை இழுக்காது. வெட்டின விளிம்பு மட்டும் பிசிறும், அதைச் சூட்டில் உருக்கி அடைக்கவேண்டும். தடிப்பான துணி நெடுநாள் உழைக்கும், ஆனால் விறைப்பு விரலிடுக்கை உராயும்; மெல்லியது இதமாக இருக்கும், ஓர் ஓட்டத்தில் கிழியும். எதை எடுப்பது என்று வண்டியோட்டிகள் ஆளுக்கொரு கட்சி. அந்த வழக்கில் எந்தப் பக்கம் வென்றாலும் தைக்கிறவர்களுக்கு வேலை உண்டு. அலாஸ்காவில் வீட்டிலிருந்தே இதைத் தைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

வெல்க்ரோவின் கதை தனி. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரால் 1941இல் தன் நாயோடு மலைப்பக்கம் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது, அவருடைய காற்சட்டையிலும் நாயின் மயிரிலும் முள்ளுக்காய்கள் ஒட்டியிருந்தன. ஒன்றைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தார். முள் ஒவ்வொன்றின் நுனியும் கொக்கியாக வளைந்திருந்தது. கொக்கியும் வளையமுமாக நைலோனில் அதைச் செய்து முடித்துக் காப்புரிமை பெற 1955 ஆனது. நாயின் மயிரில் தொடங்கிய சாமான் சுற்றிச் சுற்றி நாயின் காலுக்கே வந்து சேர்ந்தது.

அந்தப் பட்டியை ஒட்டுவதில்தான் இந்தத் தொழிலின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. தடித்த கையுறையோடு அதைச் செய்யமுடியாது. −30இல், இருட்டில், வெறும் விரலால் ஒரு நாயின் காலைத் தூக்கி, விரலிடுக்கில் ஐஸ் இருக்கிறதா என்று தடவி, மருந்து பூசி, பையை மாட்டி, பட்டியைச் சுற்றி ஒட்டவேண்டும். பிறகு அடுத்த கால். இறுக்கினால் மேலே வீங்கும். தளர்ந்தால் கழன்று பாதையில் விழும். தரிப்பிடம் வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடவேண்டும். ஓடாமல் நிற்கும் காலில் நனைந்த பை உறைந்தால் பாதுகாப்பே வில்லங்கமாகிவிடும். நாய்க்குச் சோறு போட்டு, வைக்கோல் விரித்து, பாதங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் மனிதனுக்குச் சாப்பாடும் தூக்கமும். அடித்தோல் ஏன் இல்லை என்று கேட்டேனே, அதற்கும் இங்கேதான் விடை: அடி தடித்தால் நாய் நிலத்தை உணராது, நகம் பிடிக்காது. இனுவிட் பெண் ஓட்டை வெட்டி நகத்தை வெளியே விட்டாள். நைலோன் தைப்பவள் துணியை மெல்லிசாக வைத்து நகம் உள்ளிருந்தே ஊன்ற விடுகிறாள். இப்போது பனி போதாத ஆண்டுகளும் வருகின்றன. 2003, 2015, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் பந்தயத்தைத் தொடங்கும் இடத்தையே வடக்கே ஃபெயார்பாங்க்ஸுக்கு மாற்றவேண்டி வந்தது. வெறும் மண்ணிலும் சரளையிலும் ஓடினால் கோர்டுராவும் சீக்கிரம் கைவிடும்.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். ரொறன்ரோவில் நாய் வண்டி இழுப்பதில்லை. லிஃப்டில் இறங்கி, கட்டடத்தைச் சுற்றி வந்து, மறுபடி லிஃப்டில் ஏறுகிறது. இதற்குச் சப்பாத்து ஆடம்பரம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன், ரோட்டில் உப்பு இல்லையென்றால். ஆனையிறவு உப்பைச் சட்டிக்குள் அளந்து போட்டு வளர்ந்தவள் நான். இங்கே அதை லொறியில் கொண்டுவந்து ரோட்டில் இறைக்கிறார்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலம் 1940களின் தொடக்கத்தில் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. கார் பெருகப் பெருக உப்பும் பெருகியது. கனடா முழுவதும் ஒரு குளிர்காலத்தில் கொட்டுவது ஏறத்தாழ ஐந்து மில்லியன் தொன். ஒன்ராறியோவின் கோட்ரிச் ஊரில், ஹியூரன் ஏரிக்கு அடியில் ஐந்நூறு மீற்றருக்குக் கீழே, உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. இந்த உப்பு ஏரி, ஆறுகளுக்குக் கேடு என்று கனடா அரசின் ஆய்வே 2001இல் முடிவு சொன்னது. நாயின் பாதத்தைப் பற்றித் தனியாக ஆய்வு தேவையில்லை. நடைபாதையில் நின்று பாருங்கள். உப்புக்கல் விரலிடுக்கில் சிக்கியதும் நாய் மூன்று காலில் நின்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்க்கும். கல்சியம் குளோரைட் கலந்த வகை ஈரம் பட்டதும் சூடாகும். அது இன்னும் மோசம். வீட்டுக்கு வந்து காலை நக்கினால் உப்பு வயிற்றுக்குள் போகிறது. கூடினால் சத்தி எடுக்கும். உறைகடலின் உப்பிலிருந்து தப்ப சீல் தோல் தைத்தார்கள். நாங்கள் கடலில்லாத இடத்துக்கு உப்பை நாங்களே கொண்டுவந்து கொட்டிவிட்டு நாய்க்குச் சப்பாத்து விற்கிறோம்.

கடையில் விற்பவற்றில் றப்பர் அடி, பிரதிபலிக்கும் கோடு, அடிடாஸ் போட்ட மாதிரி வடிவம் எல்லாம் உண்டு. பாதிக்கு மேல் ஒரு சந்தியைத் தாண்டுவதற்குள் கழன்றுவிடும். காரணம், அவை நாயின் காலுக்கு வெட்டியவை அல்ல, வாங்குகிறவரின் கண்ணுக்கு வெட்டியவை. வீமனுக்கு நான் தைப்பது பந்தய வகைப் பைதான். ஒரு கடதாசியில் முன்காலை வைத்து, மற்ற முன்காலைக் கையால் தூக்கிப் பிடித்தால் பாரம் முழுவதும் இறங்கி விரல் விரியும். அப்போது பென்சிலால் சுற்றி வரையவேண்டும். பின்காலுக்குத் தனி அளவு, அது சிறியது. முதல் தடவை போட்டதும் நாய் காலை உயர உயரத் தூக்கி வைத்துப் பரதநாட்டியம் ஆடும். பிடித்து வெளியே கொண்டுபோனால் மறந்துவிடும். சப்பாத்தை ஒப்புக்கொள்ளாத நாய்க்கு, கனடாவில் வண்டி நாய்களுக்கென்று செய்யத் தொடங்கிய தேன்மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதுவும் உப்பை ஓரளவு தடுக்கும். விரலிடுக்கு மயிரைக் கத்தரித்துவிட்டால் ஐஸ் உருண்டை பாதி குறையும். இரண்டும் இல்லையென்றால், வீட்டுக்கு வந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை நனைத்து, விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுங்கள்.

நாய் வளர்க்காதவர்களிடமும் ஒன்று கேட்பதற்கு இருக்கிறது. உங்கள் வாசலில் முதலில் பனியை வழித்துத் தள்ளுங்கள். மிஞ்சியிருக்கும் ஐஸுக்கு மட்டும் உப்புப் போடுங்கள். கார் நிற்கும் பாதை ஒன்றுக்கு ஒரு கோப்பி மக் அளவு உப்புப் போதும், வாளிக்கணக்கில் வேண்டாம். ஐஸ் காய்ந்த பிறகு கிடக்கும் உப்பைக் கூட்டி எடுத்து மறுபடி பாவிக்கலாம். −10 பாகைக்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்யாது. அன்றைக்கு மணலைத் தூவுங்கள்.